நாளைய பெரட்டுக்கு முந்தைய இரவு: பட்டைச் சீனி மஃபினும் மனத்தெம்பும்

நாளைக் காலைப் பெரட்டில் (வேலைக்கு முன் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் கூட்டம்), விடுபட்டுப்போன ஓ.டி. (கூடுதல் நேர வேலை) கணக்கை மண்டோரிடம் (வேலையை மேற்பார்க்கும் கங்காணி) கேட்டாக வேண்டும். அல்லது ஆலை அலுவலகத்தில், தவறாகப் போன பில்லுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அல்லது கவுண்டரில் எல்லார் முன்னாலும் குரல் உயர்த்தும் சூப்பர்வைசரிடம், அப்படிப் பேச வேண்டாம் என்று ஒரு தடவையாவது சொல்லியாக வேண்டும். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட், பீடோர், தெலுக் இந்தான் மாதிரி தோட்டங்கள் சூழ்ந்த ஊர்களில் இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. காலையில் மோதிக்கொண்ட ஆளையே சாயங்காலம் பாசார் மாலாம் இரவுச் சந்தையிலும் வெள்ளிக்கிழமை கோயிலிலும் பார்க்க வேண்டிவரும். சொல் தடித்துவிட்டால் ஊருக்கே தெரிந்துவிடும். சொல்லாமல் விட்டால் வயிற்றுக்குள் புளித்துக்கொண்டே கிடக்கும்.

மனத்தெம்பு காலையில் தானாக வந்து சேரும் என்று காத்திருப்பவர்கள் பெரும்பாலும் ஏமாந்துபோகிறார்கள். தோசைக்கு உளுந்து ஊறப்போடுவதுபோல, அதை முதல் நாளே போட்டுவைக்க வேண்டும். கை சும்மா இருந்தால் மனம் ஒரே இடத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும், அதற்காகத்தான் மஃபின். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே ஆகும் இந்த வேலையில் கைக்கு ஓய்வு கிடைக்கும் இடைவெளிகள் மூன்று: ஓவன் சூடேறும் நேரம், மஃபின் வேகும் நேரம், ஆறும் நேரம். நாளைய பேச்சுக்கான தயாரிப்பை அந்த மூன்றிலும் முடித்துவிடலாம்.

பன்னிரண்டு மஃபினுக்குத் தேவையானவை:

கோதுமை மாவு 250 கிராம்
பேக்கிங் பவுடர் 2½ தேக்கரண்டி
உப்பு ½ தேக்கரண்டி
பட்டைத் தூள் 1 தேக்கரண்டி
ஜாதிக்காய்த் தூள் ¼ தேக்கரண்டி
சீனி 130 கிராம்
முட்டை 2
பால் 180 மில்லி
சமையல் எண்ணெய் 90 மில்லி

மேலே பூச: உருக்கிய வெண்ணெய் அல்லது மார்ஜரின் 60 கிராம், சீனி 100 கிராம், பட்டைத் தூள் 2 தேக்கரண்டி.

கோதுமை மாவு என்பது இங்கே மளிகைக் கடையில் கிலோ பொட்டலமாக விற்கும் வெள்ளை மாவு. சப்பாத்திக்கு வாங்கும் ஆட்டா மாவில் தவிடு இருப்பதால் மஃபின் கனத்துப்போகும். கலந்தே ஆக வேண்டுமென்றால் கால் பங்குக்கு மேல் போகாதீர்கள். வீட்டில் இருப்பது ‘தெப்போங் நாயிக் செண்டிரி’ (தானே உப்பும் மாவு) என்றால் அதில் பேக்கிங் பவுடர் ஏற்கெனவே கலந்திருக்கிறது. மேற்கொண்டு சேர்த்தால் மஃபின் வேகமாக உப்பி, ஆறும்போது நடுவில் குழிந்துவிடும். தராசு இல்லாதவர்கள் கப்பை மாவுக்குள் விட்டு அள்ளக் கூடாது. அப்படி அள்ளினால் மாவு அமுங்கி, ஒரு கப்பில் 20, 30 கிராம் கூடிவிடும். கரண்டியால் கப்பில் தூவி நிரப்பி, கத்தியின் முதுகால் மேலே வழித்துவிட்டால் ஒரு கப் ஏறக்குறைய 125 கிராம் நிற்கும்.

பாலுக்குப் பெட்டிப் பாலே போதும். டின்னில் வரும் இனிப்பில்லாத கெட்டிப் பால் இருந்தால் 90 மில்லிக்கு 90 மில்லி தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். தேத்தண்ணிக்கு ஊற்றும் இனிப்பு டின் பால் வேண்டாம். அதன் சீனி மேல்பக்கத்தைச் சீக்கிரம் கறுக்கவைத்துவிடும், உள்ளே ஈரமாகவே இருக்கும்.

பட்டையைப் பற்றிக் கொஞ்சம். நம் கடைகளில் கிடைக்கும் தடித்த, கெட்டியான பட்டை பெரும்பாலும் இந்தோனேசியாவின் காசியா வகை. இலங்கைப் பட்டை காகிதம்போல் மெல்லிய அடுக்குகளாகச் சுருண்டிருக்கும், விரலால் நசுக்கினாலே நொறுங்கும். இந்தப் பலகாரத்துக்குக் காசியாதான் எடுப்பு. சீனியோடு சேரும்போது அதன் காரம் தூக்கலாகத் தெரியும். காசியாவில் கூமரின் என்ற இயற்கை வேதிப்பொருள் அதிகம் என்பதால் அதைத் தினமும் கரண்டிக்கணக்கில் உண்பது கல்லீரலுக்கு நல்லதல்ல. எப்போதாவது இரண்டு மஃபின் சாப்பிடுபவர் கவலைப்பட வேண்டியதில்லை. முழுப் பட்டையை அப்படியே மிக்சியில் போட்டால் பிளேடு மழுங்கும். இடிகல்லில் சிறு துண்டுகளாக உடைத்து, வெறும் சட்டியில் இளஞ்சூட்டில் ஒரு நிமிடம் புரட்டி, ஆறியபின் அரைத்துச் சலியுங்கள். சலிக்காத தூள் நாக்கில் மணலாக நெருடும்.

பேக்கிங் பவுடர் நம் ஊர் ஈரக்காற்றில் சீக்கிரம் செத்துவிடும். கால் கப் வெந்நீரில் அரைத் தேக்கரண்டி போட்டுப் பாருங்கள். உடனே நுரைத்துப் பொங்கினால் உயிர் இருக்கிறது. சோம்பலாக நான்கு குமிழி விட்டால் தூக்கிப்போட்டுவிடுங்கள், அளவைக் கூட்டிச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள்.

ஓவனை 190 டிகிரியில் போடுங்கள். மேசை மேல் வைக்கும் சின்ன ஓவன்களில் மேல் கம்பி மிக அருகில் இருக்கும். அதனால் டிரே நடுத்தட்டுக்கு ஒரு படி கீழே போகட்டும். விளக்கு அணைந்ததும் சூடாகிவிட்டது என்று நம்ப வேண்டாம், முழுதாக 15 நிமிடம் விடுங்கள்.

இதுதான் முதல் இடைவெளி. ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் நடந்தது, வலப்பக்கம் நீங்கள் நினைத்தது. இடப்பக்கத்தில் தேதி, நேரம், இடம், சொன்ன சொல், எண் மட்டுமே வரலாம். ‘14-ஆம் தேதி மாலை 4 முதல் 6 வரை வேலை செய்தேன், சீட்டில் பதியவில்லை’ என்பது இடப்பக்கம். ‘என்னை ஏமாற்றப் பார்க்கிறார்’ என்பது வலப்பக்கம். வலப்பக்கத்தில் எழுதியது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நாளைக்கு வாய் திறக்கும்போது இடப்பக்கம் மட்டும்தான் கையில் நிற்கும். வலப்பக்கத்தை எவரும் ஒரே வார்த்தையில் மறுத்துவிடலாம். இடப்பக்கம் இரண்டு வரிகூடத் தேறவில்லை என்றால், நாளைக்குக் கேட்காதீர்கள். ஒரு வாரம் குறித்துவைத்துவிட்டுக் கேளுங்கள்.

காசு விஷயம் என்றால் தொகையையும் இப்போதே கணக்குப் போட்டுவிடுங்கள். மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி. அதை ஒரு நாளின் வேலை நேரத்தால் வகுத்தால் ஒரு மணி நேரக் கூலி. சாதாரண வேலை நாளில் கூடுதல் நேரத்துக்கு அதன் ஒன்றரை மடங்கு. 1,700 வெள்ளி (ரிங்கிட்) சம்பளம், எட்டு மணி நேர வேலை என்றால் நாளுக்கு 65.38, மணிக்கு 8.17, ஓ.டி. மணிக்கு 12.26 வெள்ளி. ஆறு மணி நேரம் விடுபட்டிருந்தால் 73 வெள்ளி 56 காசு. ‘கொஞ்சம் காசு குறையுதுங்க’ என்று இழுப்பவருக்கும், ‘73 வெள்ளி 56 காசு’ என்று சொல்பவருக்கும் குரலிலேயே வித்தியாசம் இருக்கும். பாதித் தைரியம் அந்த எண்ணிலிருந்துதான் வருகிறது.

இனி கலக்கும் வேலை. பெரிய பாத்திரத்தில் மாவு, பேக்கிங் பவுடர், உப்பு, பட்டை, ஜாதிக்காய் எல்லாவற்றையும் சலித்து, சீனியைச் சேர்த்துக் கிளறுங்கள். இன்னொரு பாத்திரத்தில் முட்டையை உடைத்து நுரை வராமல் அடித்து, பாலும் எண்ணெயும் ஊற்றிக் கலக்குங்கள். பாலும் முட்டையும் குளிர்பெட்டிச் சில்லோடு இருக்கக் கூடாது, அரை மணி நேரம் முன்னதாகவே வெளியே எடுத்துவையுங்கள். எண்ணெய்க்குப் பதில் உருக்கிய வெண்ணெய் ஊற்றுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். சில்லென்ற பாலில் வெண்ணெய் மணிமணியாக உறைந்துவிடும்.

மாவின் நடுவில் குழி செய்து ஈரக் கலவையை மொத்தமாக ஊற்றுங்கள். தட்டையான அகப்பையை அடிவரை விட்டு, கீழிருந்து மேலாகப் புரட்டுங்கள். எண்ணிக்கொண்டே புரட்டினால் நல்லது. பன்னிரண்டிலிருந்து பதினைந்துக்குள் நிறுத்திவிட வேண்டும். அப்போது மாவு கட்டிகட்டியாக, பார்க்கவே அரைகுறையாகத்தான் இருக்கும். பட்டாணி அளவுக் கட்டிகள் இருந்தால் பரவாயில்லை, வெள்ளையாகக் காய்ந்த மாவு மட்டும் தெரியக் கூடாது. இந்த இடத்தில் பலருக்குக் கை நிற்பதில்லை. ரொட்டிச்சானாய்க்குப் பிசைந்து பழகிய கை, வழவழப்பாக வரும்வரை ஓயாது. ஆனால் ரொட்டிக்கு வேண்டிய அதே இழுவைதான் மஃபினுக்குக் கேடு. கோதுமையிலுள்ள புரதம் ஈரத்தோடு சேர்ந்து, கிளறக் கிளற வலையாக இறுகும். அந்த வலைக்குள் மாட்டிய காற்று வெளியே வரப் பாதை தேடிக் குடைந்துகொண்டு ஏறும். மேல்பக்கம் கூம்பாகக் குவிந்து, பிட்டால் உள்ளே புழு துளைத்த மாதிரி நீளச் சுரங்கங்கள் தெரிந்து, மென்றால் ரப்பராக இருந்தால் காரணம் இதுவே. வேறெங்கும் தேட வேண்டாம்.

காகிதக் குழிகளில் முக்கால் பங்கு ஊற்றுங்கள், ஒன்றுக்கு ஏறக்குறைய 60 கிராம். சின்ன ஓவனில் ஆறு குழி டிரேதான் நுழையும் என்றால் மீதி மாவு பாத்திரத்திலேயே இருக்கட்டும். முதல் ஈடு வேகும்வரை அது தாங்கும். ஆனால் ‘ஒரு தடவை கிளறிவிடுவோம்’ என்று மட்டும் தொடாதீர்கள், அதிலிருக்கும் காற்று ஓடிவிடும்.

வேக 18 முதல் 20 நிமிடம். முதல் 15 நிமிடம் கதவைத் திறக்கக் கூடாது. உள்ளே இன்னும் இறுகாத மாவு, சூடு இறங்கியதும் அமர்ந்துவிடும். நடுவில் குத்திய பல்குச்சி ஒன்றிரண்டு ஈரப் பொடியோடு வந்தால் சரியான பதம். குச்சி சுத்தமாகக் காய்ந்து வரும்வரை விட்டால், ஆறியபின் மஃபின் வறண்டிருக்கும்.

இந்த 18 நிமிடத்தில் நாளைக்குப் பேச வேண்டிய மூன்று வாக்கியங்களை எழுதுங்கள். முதலாவது நடந்தது, இரண்டாவது அதனால் வந்த பாதிப்பு, மூன்றாவது உங்களுக்கு வேண்டியது, தேதியோடு. எடுத்துக்காட்டு (கிராணி என்பவர் தோட்ட அலுவலகக் கணக்கர்):

“அண்ணே, போன மாசம் 14, 15, 21 மூணு நாளும் ரெண்டு ரெண்டு மணி நேரம் கூட வேலை செஞ்சேன். சம்பளச் சீட்டுல அந்த ஆறு மணி நேரம் வரல, 73 வெள்ளி 56 காசு குறையுது. வெள்ளிக்கிழமைக்குள்ள கிராணிகிட்டக் கேட்டுச் சொல்றீங்களா?”

எந்த மொழியில் பேசப்போகிறீர்களோ அந்த மொழியிலேயே எழுதுங்கள். தமிழில் யோசித்துவைத்து அங்கே போய் மலாயில் தேடினால், வார்த்தை தட்டும் அந்த இரண்டு விநாடியில் தைரியம் வடிந்துவிடும். ‘எப்பவும்’, ‘ஒரு நாளாவது’, ‘வேணும்னே’ என்ற மூன்று சொற்களும் தாளில் இருந்தால் அடித்துவிடுங்கள். ‘எப்பவும் இப்படித்தான்’ என்று சொன்னால் எதிராளி, அப்படி நடக்காத ஒரு நாளைத் தேடிப்பிடித்துச் சொல்வார், பேச்சு அங்கே திரும்பிவிடும். எழுதியதை வாய்விட்டு மூன்று தடவை படியுங்கள். மனசுக்குள் படித்தால் கணக்கில் சேராது, தொண்டைக்கும் நாக்குக்கும் அந்த வார்த்தைகள் பழக வேண்டும்.

நான்காவதாக ஒரு வாக்கியமும் வேண்டும்: எதிர்பாராத கேள்வி வந்தால் நேரம் வாங்கும் வாக்கியம். “சாயா நாக் செமாக் டுலு, பெத்தாங் நந்தி சாயா ஜவாப்.” சரிபார்த்துவிட்டுச் சாயங்காலம் பதில் சொல்கிறேன், அவ்வளவுதான். சூட்டோடு சூடாகச் சொன்ன பதிலைத் திருப்பி வாங்க முடியாது. இதை மனப்பாடம் செய்துவைத்தவர் எந்தக் கேள்வியிலும் முழி பிதுங்க வேண்டியதில்லை.

டிரேயை வெளியே எடுத்ததும் ஐந்து நிமிடம் அப்படியே விடுங்கள். உடனே பிடுங்கினால் உடையும். பத்து நிமிடம் தாண்டினால் அடியில் ஆவி கட்டி ஈரமாகும். இந்த ஐந்து நிமிடம் மூச்சுக்கு. நாலு எண்ணும்வரை மூக்கால் இழுத்து, ஏழு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். விடும் மூச்சு நீளமாக இருக்க வேண்டும். அப்போதுதான் இதயத் துடிப்பு இறங்கும். பதறும்போது நிறைய மூச்சை உள்ளே இழுப்பதே பலரும் செய்யும் தவறு. தலை கிறுகிறுத்துப் படபடப்பு கூடும். ஆறு தடவை போதும். நாளைக்கு முதல் தடவையாகச் செய்து பார்த்தால் சரியாக வராது என்பதால்தான் இன்றைக்கே பழகுவது.

இனிப் பூச்சு. இந்த மஃபினின் பெயரும் ருசியும் இதில்தான் இருக்கின்றன. சாதாரணச் சீனி பெரிய மணியாக இருப்பதால் ஒட்டாமல் உதிரும். மிக்சியில் மூன்று விநாடி மட்டும் ஓட்டுங்கள். மாவாகப் பொடித்த ஐசிங் சீனி உதவாது, வெண்ணெயில் பட்டதும் கரைந்து பசையாகிவிடும். மஃபின் கையில் பிடிக்கும் சூட்டில் இருக்க வேண்டும். கொதிக்கக் கொதிக்கப் புரட்டினால் சீனி உருகிப் பாகாக வழியும். முழுதாக ஆறிவிட்டால் வெண்ணெய் உள்ளே இறங்காமல் மேலேயே நின்று உறையும். தலைப்பக்கத்தை வெண்ணெயில் ஒரு விநாடி முக்கி, சொட்டவிட்டு, பட்டைச் சீனியில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றுங்கள். வெண்ணெய்க் கிண்ணத்துக்கு ஒரு கை, சீனித் தட்டுக்கு ஒரு கை என்று பிரித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நாலாவது மஃபினுக்குள் சீனி முழுக்க ஈரக் கட்டியாகிவிடும்.

இன்றிரவு தின்பதற்கு மட்டும் இப்போது பூசுங்கள். வேலைக்கு எடுத்துப்போவது பூசாமலே இருக்கட்டும். நம் காற்றின் ஈரத்தைச் சீனி இழுத்துக்கொள்ளும், மூடிய டப்பாவுக்குள் விடியும்போது மேலே வியர்த்து ஒழுகும். காலையில் ஓவனை 160 டிகிரிக்குச் சூடாக்கி ஐந்து நிமிடம் வைத்தெடுத்து, அப்போது பூசிக்கொண்டால் புதுசு மாதிரி இருக்கும். இரவில் டப்பாவைத் தண்ணீர்த் தட்டின் நடுவில் வையுங்கள், எறும்பு ஏறாது.

காலை ஆறு மணிப் பெரட்டுக்கு மஃபினை மட்டும் தின்றுவிட்டுக் கிளம்ப வேண்டாம். வெறும் வயிற்றில் மாவும் சீனியுமாகப் போனால் சீக்கிரமே பசி திரும்பும், கூடவே எரிச்சலும் வரும். ஒரு அவித்த முட்டையோ ஒரு பிடி வேர்க்கடலையோ சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு குவளைத் தண்ணீரும் வேண்டும்.

பேசப்போகும் ஆளிடம் மஃபினை முதலில் நீட்டாதீர்கள். கையில் பலகாரத்தைக் கொடுத்துவிட்டுக் கணக்குக் கேட்டால், கேட்கிற உரிமை தயவு கேட்கிற மாதிரி ஆகிவிடும். பேச்சு முடியட்டும். பத்து மணிப் பசியாறலில் எல்லாருக்கும் கொடுங்கள், அவருக்கும் சேர்த்து. முஸ்லிம் நண்பர்கள் இருந்தால் மார்ஜரின், பேக்கிங் பவுடர், வாசனை எசென்ஸ் எல்லாவற்றிலும் ஹலால் முத்திரை இருக்கிறதா பாருங்கள். உங்கள் சமையலறையில் பன்றி இறைச்சி சமைப்பதுண்டு என்றால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் மரியாதை. நோன்பு மாதத்தில் தனியாகக் கட்டிக் கொடுத்தால் நோன்பு திறக்க எடுத்துப்போவார்கள்.

பேசும்போது கால் இரண்டும் தரையில் பதிந்து நிற்கட்டும். மூன்று வாக்கியத்தையும் சொல்லி முடித்ததும் வாயை மூடுங்கள். எதிராளி மௌனமாக இருந்தால், அதைத் தாங்க முடியாமல், ‘பரவாயில்லைங்க, முடிஞ்சாப் பாருங்க’ என்று தானே இறங்கிவருகிறார்கள் பலர். அங்கேதான் இரவெல்லாம் சேர்த்த தெம்பு கொட்டிப்போகிறது. மனசுக்குள் பத்து எண்ணுங்கள். அவர் கத்தினால் நீங்கள் குரலை ஒரு படி இறக்கி, மூன்றாவது வாக்கியத்தை மட்டும் திருப்பிச் சொல்லுங்கள். பதில் எதுவானாலும் பசியாறும் நேரத்தில் தாளின் பின்பக்கம் தேதியோடு எழுதிவையுங்கள்.

எல்லாவற்றையும் மனத்தெம்பால் தாங்கிக்கொள்ளச் சொல்வது அநியாயம். மேற்கு மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் இடையில் அரை மணி நேர ஓய்வு தர வேண்டும். சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் கைக்கு வர வேண்டும். 2023 ஜனவரி 1 முதல் வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வேலை. மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்குள் இருப்பவருக்கு, மேலே போட்ட கணக்குப்படி ஓ.டி. உண்டு. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. 2025 பிப்ரவரியில் தொடங்கி, ஐவருக்கும் குறைவாக வேலைக்கு வைத்திருப்பவர்களுக்கும் அந்த ஆகஸ்டு முதல் நடைமுறையில் இருக்கிறது. இவை மீறப்பட்டாலும், பாலியல் தொல்லை நடந்தாலும், கை நீட்டினாலும் மூன்று வாக்கியத்தோடு நிறுத்த வேண்டியதில்லை. தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம். தோட்டத் தொழிலாளர் என்றால் 1954 முதல் இயங்கிவரும் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தையும் நாடலாம். அங்கே கேட்பது நீங்கள் தாளின் இடப்பக்கத்தில் எழுதியதைத்தான், ஆகவே அதைக் கிழிக்காதீர்கள்.

இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் அது உடம்பு சொல்லும் வேறு செய்தி. அரசாங்கக் கிளினிக்கில் டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555.

ஓவன் இல்லாத வீடுகளுக்கு: பாதி அளவு மாவைக் குழிப்பணியாரச் சட்டியில் ஊற்றுங்கள். எண்ணெய் தடவி, மிகக் குறைந்த தீயில், மூடிபோட்டு மூன்று நான்கு நிமிடம், திருப்பிப்போட்டு இன்னும் இரண்டு நிமிடம். தீ கூடினால் வெளியே கறுத்து உள்ளே கூழாக இருக்கும். சூட்டோடு பட்டைச் சீனியில் உருட்டிவிடுங்கள். எண்ணெய்ப் பசையே போதும், வெண்ணெய் தேவையில்லை.

முட்டை சேர்க்காத நாளுக்கு: இரண்டு முட்டைக்கும் பாலுக்கும் பதில், புளிக்காத தயிர் 150 மில்லி, பால் 120 மில்லி. பேக்கிங் பவுடரை 1½ தேக்கரண்டியாகக் குறைத்து, சமையல் சோடா அரைத் தேக்கரண்டி சேர்த்துக்கொள்ளுங்கள். சோடா தயிர் பட்டதுமே நுரைக்கத் தொடங்கிவிடும், ஆகவே கலந்த கையோடு ஓவனுக்குள் போக வேண்டும். சோடா கொஞ்சம் கூடினாலும் சவர்க்கார வாடை வரும், தலைதட்டி அளங்கள்.

மிஞ்சியதை, பூசாமல், தனித்தனியாகப் பிளாஸ்டிக்கில் சுற்றி உறைபெட்டியில் வைத்தால் ஒரு மாதம் இருக்கும். சுற்றைப் பிரித்து நேராக 160 டிகிரியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வைத்தால் போதும். வெளியே வைத்துப் பனி உருகவிட்டால் காகிதம் நனைந்து ஒட்டிக்கொள்ளும்.